குளிரில் டீசல் வண்டி: சாவியைத் திருப்பும் முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைவதற்குள் செல்ஃப் அடிப்பதுதான் குளிர்காலத்தில் பலர் செய்யும் முதல் தவறு.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். ராத்திரி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த எஞ்சின் அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதை ஈடுகட்ட எஞ்சினுக்குள் மின்சாரத்தில் சூடேறும் சின்னக் கம்பிதான் ஹீட்டர் பிளக். அது சூடேறும்வரை எரிவதுதான் அந்த மஞ்சள் விளக்கு. புது வண்டியில் அந்த விளக்கு இரண்டு மூன்று நொடியில் அணையும், பழைய வண்டியில் 15, 20 நொடிகூட ஆகும். குளிர் அதிகமென்றால் சாவியை ஆஃப் செய்து இன்னொரு முறை சூடேற்றுங்கள். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதால் எல்லா பிளக்கும் நன்றாக இருக்கிறது என்றும் நம்பிவிட வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் வண்டி உதறி, வெள்ளைப் புகை கக்கி, ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டால், நாலில் ஒரு பிளக் போயிருக்கலாம். அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல்தான்.

அடுத்தது, விடாமல் செல்ஃப் அடிப்பது. பத்து நொடிக்கு மேல் வேண்டாம், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். பூஜ்ஜியம் டிகிரியில் பேட்டரியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரம் ஆயிலும் கெட்டியாகி எஞ்சினைச் சுற்றவிடாது. ஹெட்லைட்டையும் புளோயரையும் அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு அடித்தால் மோட்டாருக்குப் பாரம் குறையும்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்குள் அடிக்கும், சட்டெனத் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே பற்றி எனக்குப் பயம் உண்டு. ஹீட்டர் பிளக் சிவக்கச் சூடேறியிருக்கும்போது காற்று போகும் வழியில் அதை அடித்தால், நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். தொடவே வேண்டாம்.

சில வண்டிகள் நன்றாக ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் ஓடி, இழுவை இல்லாமல் நின்றுபோகும். இது வேறு கதை. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கும். வெப்பமான ஊரில் நிரப்பிய டீசலோடு பனி பெய்யும் இடத்துக்குப் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். உறையாமல் காக்கும் மருந்தை முன்னாடியே டேங்கில் ஊற்ற வேண்டும், உறைந்த பிறகு ஊற்றிப் பெரிய பயன் இல்லை. அப்போது வண்டியைக் கூரைக்கடியில் தள்ளிச் சூடாக விடுவதுதான் வழி. டேங்குக்கடியில் தீ மூட்டும் வேலை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் கலப்பதும் பழைய காலத்து வைத்தியம். டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய ‘காமன் ரயில்’ வண்டிகளின் பம்புக்கு டீசல்தான் வழுவழுப்பு, பெட்ரோல் கலந்தால் அது தேய்ந்துபோகும்.

சரி, ஸ்டார்ட் ஆகிவிட்டது. உடனே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். அதற்காக அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் வீண். சும்மா ஓடும் டீசல் எஞ்சின் லேசில் சூடாகாது, கரிதான் சேரும். ஒரு நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். நின்றபோது அசையாத வெப்ப முள் அப்போது ஏற ஆரம்பிக்கும்.