ரீட்மியில் எழுதாமல் விட்ட வரிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கூனில் நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் மூன்று பேர் தாங்கள் எழுதிய சின்ன மென்பொருள் கருவிகளை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியிருந்தார்கள். கோடு, அதாவது நிரல் வரிகள், சுத்தமாக இருந்தது. கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று கூடவே வைக்கிற விளக்கக் கோப்பான ரீட்மியைத் திறந்தால் கருவியின் பெயர், கீழே இன்ஸ்டால் கட்டளை, அவ்வளவுதான். 2019-இல் நான் வைத்த ரீட்மியும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அதனால் வந்த சேதத்தை அந்தப் பிள்ளைகள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, கலைந்த தலைப்பு இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாராவது சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆளை மாட்டிவிடுகிற தப்புகள் கீழே.

“பிறகு எழுதலாம்”

அந்தப் ‘பிறகு’ வருவதில்லை. 2017-இல் கிட்ஹப் நடத்திய கருத்தாய்வில், குறையான அல்லது பழசாகிப்போன விளக்க ஆவணம் பெரிய தொல்லை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆய்வில், ஆவணத்துக்கு எழுதுவது அரிது அல்லது எழுதுவதே இல்லை என்று சொன்ன பங்களிப்பாளர்கள் 60 சதவீதம். கோடு எழுதிய அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

உள்ளே எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லாமல் விடுவது

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொதுத் தரம் யூனிகோடு. பர்மிய எழுத்துக்கு அதில் 1999-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் இங்கே கம்ப்யூட்டரிலும் போனிலும் பரவியது ஸோஜி எழுத்துரு. யூனிகோடின் அதே எண்களில் வேறு வேறு குறிகளை உட்கார வைத்த எழுத்துரு அது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதுவரை சேர்ந்த கோப்புகள் பெரும்பாலும் ஸோஜியில் கிடந்தன. அவற்றை யூனிகோடாக்க எழுதப்பட்ட மாற்றிகளில் என்னுடையதும் ஒன்று.

என் ரீட்மி ஒரே வரி: ‘ஸோஜி கோப்பை யூனிகோடாக மாற்றும்.’ ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதையும் எழுதவில்லை.

நம்மவர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியல். பெயர்கள் எல்லாம் பர்மிய எழுத்தில். பழையவை ஸோஜி, பிறகு போனில் சேர்த்தவை யூனிகோடு. அதைப் பார்த்துக்கொண்ட தம்பி முழுக் கோப்பையும் என் கருவிக்குக் கொடுத்துவிட்டான். ராத்திரி போன் வந்தது. “அண்ணே, பாதிப் பேரு ஒழுங்கா வந்துச்சு, பாதி ஒடஞ்சு போச்சு. சரியாகும்னு இன்னொரு தடவ ஓட்டினேன், இப்ப எல்லாமே போச்சு.”

என்ன நடந்தது என்பது தமிழ் எழுதுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். ‘தே’ என்று எழுதினால் கொம்பு முன்னால் தெரிகிறது. யூனிகோடு அதைத் தகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. பழைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முன்னாலேயே இருக்கும். பர்மிய ஏகாரக் குறியும் நம் கொம்பு மாதிரிதான். ஸோஜி அதை முன்னால் வைக்கும், யூனிகோடு பின்னால். மாற்றி செய்கிற வேலை, கொம்பைத் தூக்கி அடுத்த மெய்க்குப் பின்னால் வைப்பது. ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிற கொம்பையும் அது தூக்கிவிடும். தேவி என்ற பெயரில் தகரத்தின் கொம்பு வகரத்துக்குப் போய், அங்கிருந்த உயிர்க்குறியோடு மோதிக்கொண்டு நின்றது. நம் புள்ளிக்குச் சமமான குறியின் யூனிகோடு எண், ஸோஜியில் மெய்யோடு ஒட்டி வரும் யகரக் குறிக்கு உரியது. அதனால் புள்ளி இருந்த இடமெல்லாம் யகரம் தொங்கியது.

பட்டியலுக்கு வேறு நகல் இல்லை. காகிதப் படிவங்களை எடுத்து வைத்து, மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திரும்ப அடித்தோம். சில படிவங்களில் மை மங்கியிருந்தது. அந்தப் படிவங்களுக்கு உரியவர்களில் இறந்துபோன பெரியவர்களும் உண்டு. தங்கள் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது?

‘ஓட்டினவன்தான் பார்த்து ஓட்டியிருக்கணும்’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. பார்ப்பதற்கு நான் என்ன எழுதி வைத்திருந்தேன்? அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. ‘ஸோஜி மட்டும் கொடுக்கவும். யூனிகோடு கலந்திருந்தால் பெயர்கள் உடையும். மூலக் கோப்பை அழித்து எழுதும், முதலில் நகல் எடுக்கவும். இரண்டாம் முறை ஓட்ட வேண்டாம்.’ இந்த நான்கு வரி எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

இப்போது ஒவ்வொரு பெயரையும் முதலில் கூகுளின் மியான்மர் டூல்ஸ் வழியாகச் சோதிக்கிறேன். ஸோஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் தரும் திறமூலக் கருவி, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் அனுமதி உள்ள கருவி அது. மிகச் சின்னப் பெயர்களில் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அதையும் ரீட்மியில் எழுதியிருக்கிறேன்.

விளக்கத்தை வீடியோவாக மட்டும் வைப்பது

இங்கே கரண்ட் போகும், நெட் நிற்கும். கோப்போடு சேர்ந்தே இறங்கும்படி எழுத்தில் வையுங்கள்.

உரிமக் கோப்பை விடுவது

மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தருகிற கோப்பு அது. அது இல்லாத கோடு திறமூலம் ஆகாது.

எழுதியவரே படித்துச் சரிபார்ப்பது

வேண்டாம். வரும் ஞாயிறு வகுப்பில் அந்த மூன்று பேரும் ஆளுக்கொருவர் மற்றவர் கருவியை ரீட்மியை மட்டும் வைத்து ஓட்டப் போகிறார்கள். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.