குளத்து மீனிலிருந்து வளர்ப்பு மீனுக்குப் பேன் தொற்றாமல் காத்தல்

மாரியில் இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னிப் பெருங்குளங்கள் நிரம்பி வான் பாயும்போது, தாழ்ந்த வரம்புள்ள வளர்ப்புக் குட்டைகளுக்கும் வெள்ளம் ஓடும் வாய்க்கால்களுக்கும் இடையே மீன்கள் மாறிச் செல்வதால், அவற்றில் ஒட்டிய மீன் பேன் எனும் சிறு ஒட்டுண்ணியும் இரு பக்கமும் பரவும். எனவே மழைக்கு முன்னரே வரம்பை உயர்த்தி, நீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் வலை கட்டுங்கள். வலை மீனைத்தான் மறிக்கும்; மீனை விட்டு நீந்தும் பேன் குஞ்சை மறிக்காது. பேன் கல்லிலும் கம்பிலும் முட்டையிடுவதால், அறுவடைக்குப் பின் குட்டையை வற்றவைத்துத் தரை வெடிக்கும்வரை காயவிடுவதே, என் கணிப்பில், மருந்தைவிட மேலானது. வாங்கிய மீன் குஞ்சுகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, செட்டையடியில் இரு கருங்கண் தெரியும் தட்டையான சிறு வட்டம் ஒட்டியுள்ளதா எனப் பாருங்கள். குளத்தில் வீசிய வலையை வெயிலில் நன்கு உலர்த்தாமல் குட்டையில் இறக்க வேண்டாம். இரவல் வலையென்றால் இன்னும் கவனம்.