நரம்பியல், மனநல ஆய்வுகளைப் படிக்கையில் கால் இடறும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வலிப்பு நோயாளிகளையும் மனநல நோயாளிகளையும் பார்க்கும் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் யாருக்குமே படிக்க நேரம் அதிகம் கிடைப்பதில்லை. கட்டுரைகளோ வந்து குவிகின்றன. எல்லாவற்றையும் மேயப் பார்ப்பதுதான் முதல் தவறு. வாரத்துக்கு இரண்டு கட்டுரையை முழுசாகப் படிப்பவர், இருபது சுருக்கங்களைப் புரட்டுபவரைவிடக் குறைவாகத்தான் ஏமாறுவார். டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ. தொடர்கல்விக்கு ஆண்டுக்கு 30 புள்ளி கேட்கிறது, அதில் 5 அறநெறிக்கு. புள்ளிக்காகக் கட்டுரையோடு வரும் கேள்வியை முதலில் பார்த்துவிட்டுக் கட்டுரையில் விடையை மட்டும் துழாவினாலும் புள்ளி வந்துவிடும். அது படித்த கணக்கில் சேராது.

அடுத்தது, சதவீதத்தைப் பார்த்ததும் மயங்குவது. அல்சைமருக்கான லெக்கனிமாப் மருந்து ‘நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைக்கிறது’ என்று செய்தி வந்தது. 2022 இறுதியில் வெளியான அந்தச் சோதனையில் 1,795 பேர் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றி, 18 மாதம் பார்த்தார்கள். அளவுகோல் 0 முதல் 18 வரை. புள்ளி ஏற ஏற நோய் முற்றுகிறது என்று பொருள். பிளேசிபோ (போலி மருந்து) குழுவுக்குச் சராசரியாக 1.66 புள்ளி ஏறியது, மருந்துக் குழுவுக்கு 1.21. வித்தியாசம் 0.45. அதை 1.66-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 27. பதினெட்டுப் புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிகூட இல்லை! வீட்டில் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் மகளுக்கு இந்த மாற்றம் கண்ணில் படுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதே கட்டுரையில், ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தவர்கள் மருந்துக் குழுவில் 12.6 சதவீதம், மற்றதில் 1.7. குறிப்பெடுக்கும்போது இரு குழுக்களின் அசல் எண்கள், அளவுகோலின் நீளம், பார்த்த காலம், பக்கவிளைவு ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள்.

மனநலத் துறையில் வேறொரு குழி இருக்கிறது. அச்சில் வந்ததையே முழுக் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். மனச்சோர்வு மருந்துகள் 12-க்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவான 74 சோதனைகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2008-இல் வந்தது. எஃப்.டி.ஏ. சாதகம் என்று கண்ட 38-இல் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகம் போல மெழுகப்பட்டு வெளிவந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே. அச்சிதழை மட்டும் படித்தவருக்கு 94 சதவீதம் வெற்றி, எஃப்.டி.ஏ. கணக்கில் 51. ஆகவே சோதனைகளை முன்கூட்டியே பதியும் பதிவேட்டையும் திறந்து பாருங்கள். நம் பக்கத்துச் சோதனைகளுக்குப் பான் ஆப்பிரிக்கப் பதிவேடு இருக்கிறது. அங்கே முன்கூட்டிச் சொன்ன முதன்மை அளவீடும் கட்டுரையில் வந்திருப்பதும் வேறு வேறாக இருந்தால், முடிவைப் பாதி விலைக்குக்கூட வாங்க வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் வினையாவது இன்னொன்று: சோதனையில் யார் இருந்தார்கள் என்று பார்க்காதது. கார்பமாசெபின் வலிப்பை நன்றாகவே அடக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.க்கு முதல் வரிசையில் தரப்படும் டோலுடெகிராவிரை அது உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் டோலுடெகிராவிரை 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தர வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களை விலக்கிய சோதனையில் இதைப் பற்றி ஒரு வரியும் இராது. கார்பமாசெபினால் வரக்கூடிய, தோல் உரிந்து கொப்புளிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எதிர்வினையும் அப்படித்தான். அதன் ஆபத்தைக் கூட்டும் எச்.எல்.ஏ.-பி 15:02 மரபணு வகை ஐரோப்பியரிடம் மிக அரிது, ஆசியரிடம் கூடுதல், இந்திய வம்சாவளியிலும் உண்டு. எஃப்.டி.ஏ. 2007-லேயே எச்சரித்திருக்கிறது. ஐரோப்பியரிடம் எடுத்த கணக்கைச் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பாட்டிக்கு அப்படியே ஒப்பிக்கக் கூடாது.

தேடுவதில் நடக்கும் பிழைகள் சின்னவை, சரிசெய்வதும் சுலபம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் ‘ஆண்ட்’ (AND), ‘ஆர்’ (OR) என்ற இணைப்புகளைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாகக் குத்தப்படும் முத்திரையான ‘மெஷ்’ தலைப்பை மட்டும் நம்பினால், அந்த முத்திரை இல்லாத பதிவுகள் தப்பிவிடும். அதே சொல்லைத் தலைப்பு-சுருக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். பிறகு கணக்கில் நுழைந்து, தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள ‘கிரியேட் அலர்ட்’டை அழுத்தி, வாரம் ஒருமுறை என்று வையுங்கள். வாரத்துக்குப் பத்துக்கு மேல் வந்தால் வலை அகலம். நோயோடு மருந்தின் பெயரையும் சேர்த்து இறுக்குங்கள்.

படித்ததைக் கோப்பில் போட்டதும் மறந்துவிடுவதும் தவறுதான். அல்சைமர் பற்றி 2006-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட பெயர்பெற்ற ஒரு கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் போட்டால், திரும்பப் பெறப்பட்டதைச் சிவப்புப் பட்டையில் காட்டிவிடும். பி.டி.எஃப்.களை வெறும் ஃபோல்டரில் அடுக்கியிருப்பவர்கள், வகுப்பெடுக்கும் முன் ஒவ்வொரு தலைப்பையும் பப்மெட்டில் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.