பழைய ராணுவ ரைபிளைத் துடைக்கும்போது அதன் பூச்சைக் காப்பாற்றுவது எப்படி

பழைய ராணுவ ரைபிள் கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, அதைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எண்பது, நூறு வருடம் தாங்கி வந்த பூச்சு ஒரே மதியத்தில் போய்விடும், அப்புறம் என்ன செய்தாலும் திரும்பாது. அழுக்கும் சிவப்புத் துருவும் போக வேண்டும், மற்ற எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) திறந்து, தோட்டாக்கள் அடுக்கும் மேகசினிலும் தோட்டா அறையிலும் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, எந்தப் பூச்சு என்று பாருங்கள். ஜெர்மன் மவுசர் கே98கே மாதிரியானவற்றில் இருப்பது ப்ளூயிங், அதாவது இரும்பின் மேற்பரப்பே கருப்பு ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம். அமெரிக்க எம்1 காரண்டில் இருப்பது பார்க்கரைசிங், தொட்டால் லேசாகச் சொரசொரக்கும் பாஸ்பேட் பூச்சு. ப்ளூயிங்கும் ஒரு வகைத் துருதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. வினிகரோ கடையில் விற்கும் அமிலத் துரு நீக்கியோ சிவப்பு எது, கருப்பு எது என்று பார்க்காது, இரண்டையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

கிடங்கில் இருந்து வந்த துப்பாக்கி என்றால் மேலெல்லாம் காஸ்மோலின் கிரீஸ் அப்பியிருக்கும். இரும்புப் பாகங்களுக்கு மினரல் டர்பன்டைனும் பழைய துணியும் போதும் (காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல்). மரக்கட்டையைத் தனியாகக் கழற்றி, கருப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்தால் உள்ளே ஊறியிருக்கும் கிரீஸ் உருகிக் கசியும், கசியக் கசியத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது. கழற்றும்போது திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். வழுக்கினால் விழும் கீறல் நிரந்தரம்.

துருவுக்கு எண்ணெய்தான் மருந்து. லேசான மெஷின் ஆயிலைத் தடவி ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் நான்கு பூஜ்யம் (0000) ரக, அதாவது மிக மெல்லிய, ஸ்டீல் வுல்லையோ (இரும்பு நார்) வெண்கல வுல்லையோ எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல், முதலில் கட்டைக்குள் மறையும் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு வந்தால் சரி, கருப்புப் பூச்சு வெளுக்க ஆரம்பித்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஊறிப்போன பழுப்பு நிறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, போகவும் வேண்டாம், அது அந்தத் துப்பாக்கியின் வயது. பார்க்கரைசிங் மேல் ஸ்டீல் வுல் வேண்டவே வேண்டாம், பளபளப்பான திட்டுகள் விழும். எண்ணெயும் நைலான் பிரஷும் போதும். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷை எந்தப் பூச்சின் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

மரத்தில்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். உப்புத்தாள் போட்டால் முதலில் போவது ஆய்வு முத்திரைகளும் தொழிற்சாலை எண்களும். அதோடு மரமும் இரும்பும் சேரும் விளிம்பு இறங்கிவிடும், அப்புறம் இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் கட்டைகளுக்கு ஆளி விதை எண்ணெய்தான் வழக்கம், சில சொட்டு கையில் விட்டுச் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ரஷ்ய மோசின்-நாகந்த் கட்டைகளில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) இருக்கும், அதில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காய வையுங்கள்.

குழலின் உட்புறத்தில் பழைய ராணுவத் தோட்டாவின் உப்பு படிந்திருக்கலாம். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீர் விட்டு, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் விடுங்கள்.

கடைசியாக வெறும் கையால் தொட்ட இடமெல்லாம் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து வையுங்கள். தோல் உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ நாள்கணக்கில் அடைத்து வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள், எங்காவது சிவப்பு எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எண்ணெய் போதும்.