குன்னூர் ஈரத்திலும் வளையாத நோட்டு அட்டை

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால், கையால் பைண்டிங் செய்த நோட்டின் அட்டை படகு மாதிரி வளைந்துவிடும். பசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு தாளின் இழை ஓட்டத்தில், அதாவது தாளுக்குள் இழைகள் படுத்திருக்கும் திசையில் இருந்தது.

ஈரம் ஏறினால் இழை நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் உப்பும். அதனால் தாளிலும் அட்டையிலும் இழை நோட்டின் முதுகுக்கு (தாள் மடிந்து சேரும் ஓரத்துக்கு) இணையாக ஓடவேண்டும். ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் இருக்கும். நடுவில் மடித்தால் அது முதுகுக்குக் குறுக்கே விழும். நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் சரியாகும். சந்தேகம் வந்தால் ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். குழல் போலச் சுருளும். குழல் நீளும் திசையே இழையின் திசை. 2 மி.மீ. அட்டையைக் கையால் வளைத்தாலே தெரிந்துவிடும், இழைவாக்கில் சுலபமாக மடங்கும்.

அட்டை மேலே ஒட்டிய காலிகோ (பைண்டிங் பருத்தித் துணி) காயும்போது அட்டையை வெளிப்பக்கம் இழுக்கும். உள்பக்கம் தாள் ஒட்டினால்தான் எதிரிழுப்பு கிடைக்கும். இதை விட்டுவிடவே கூடாது.

பசைக்கு 50 கிராம் மைதா, 250 மி.லி. தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிண்டவேண்டும். ஆறியதும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்தால் பூஞ்சை அண்டாது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒட்டி முடித்த பிறகு இரண்டு பலகைக்கு நடுவே நோட்டை வைத்து, மேலே இரண்டு செங்கல். மலையில் ஒரு ராத்திரி போதாது. மூன்று நாள், காலையும் மாலையும் அட்டைக்குள் காய்ந்த வெள்ளைத்தாள் மாற்றவேண்டும். அடுப்போரம் வைத்து அவசரமாகக் காயவைத்தால் மறுபடி வளையும்.