மூன்று வயதுக் குழந்தைக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் கைகள் மூடும். இது கவனக்குறைவு இல்லை. எந்த நொடியில் கையை மூடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை. எனவே "பிடி, பிடி" என்று கத்தாதீர்கள், பந்தை மெதுவாக்குங்கள்.

தேவையானவை: 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள, அழுத்தினால் அமுங்கும் லேசான பந்து ஒன்று. கைக்குட்டை அளவு மெல்லிய துணி ஒன்று. பந்தின் நிறம் பின்னாலுள்ள சுவரோடு கலந்துவிடக் கூடாது. பலூன் வேண்டாம். உடைந்த துண்டு தொண்டையில் போனால் மூச்சை அடைத்துவிடும்.

படி 1: ஒன்றரை மீட்டர் இடைவெளியில் காலை அகட்டி எதிரெதிரே உட்கார்ந்து பந்தை உருட்டுங்கள். கண் பந்தைத் தொடரப் பழகுவது இங்கேதான்.

படி 2: துணியை உயரே வீசிவிடுங்கள். அது மிதந்து இறங்குவதால் யோசித்துக் கையைக் கொண்டுபோக நேரம் கிடைக்கும்.

படி 3: பந்தைத் தரையில் ஒருமுறை குத்தி அனுப்புங்கள். குழந்தையின் இடுப்பளவுக்கு எழும்பினால் போதும்.

படி 4: இனி நேராகப் போடலாம். ஒரு மீட்டர் தூரத்தில் முட்டி போட்டு, குழந்தையின் கண் பந்துக்கு வந்த பிறகு, கையைத் தாழ்த்தி வயிற்றுக்கு நேராக மெல்லப் போடுங்கள். குழந்தையின் முழங்கை மடங்கியிருக்க வேண்டும். பந்து கையில் பட்டதும் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முகத்தைத் திருப்பினாலோ கண்ணை மூடினாலோ அது பயம். பெரும்பாலும் பந்து கடினமாக இருக்கும், அல்லது வேகமாக வந்திருக்கும். திட்டாமல் துணிக்கே திரும்புங்கள். இரண்டு நாளானாலும் பரவாயில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதைத் திருத்தவே வேண்டாம், எல்லாக் குழந்தையும் கடக்கும் கட்டம் அது. பந்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும் குழந்தைக்கு, பந்தில் பெரிய வட்டம் ஒன்றை ஒட்டி, "வட்டம் என்ன நிறம்?" என்று கேட்டபடி போடுங்கள்.

ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். ஆனால் 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வகுப்பறையில் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி ஒரே பந்தைப் போட்டால் ஒன்பது பேர் சும்மா நிற்பார்கள். ஆளுக்கொரு பந்து கொடுத்து, தானே தரையில் குத்தித் தானே பிடிக்க விடுங்கள்.