திருகைச் சுற்றி எலும்பு எவ்வளவு தாங்கும்? வீட்டிலேயே கணித்துப் பார்க்கலாம்

திருகோணமலை உப்புவெளி மணலில் வேலிக்கட்டை நட்டுப் பாருங்கள். மேலிருந்து அமத்தினால் நிற்கும், ஆனால் கோணேசர் கோயில் பக்கத்து மான் ஒன்று வந்து முதுகை உரசினால் மணல் மட்டத்திலேயே வாய் பிளந்து ஆடத் தொடங்கும். காது இல்லாதவர்களுக்குப் பொருத்துகிற சிலிக்கோன் காதைப் பிடித்து நிறுத்த எலும்பில் பதிக்கிற டைட்டேனியம் திருகுக்கும் இதே கதைதான்.

பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, மடிக்கணினியும் ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளும் போதும், காசு இல்லை, கணிக்கிற கால்குலிக்ஸும் அதோடேயே வேலை செய்யும். தகைப்பும் (ஒரு பரப்பில் விழும் விசை), யங்கின் மட்டு என்ற விறைப்பு அளவும் உயர்தரப் பௌதிகவியலில் படித்தவைதானே.

20 மில்லிமீற்றர் சதுரத்தில், 8 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு துண்டு வரையுங்கள். மேலே கெட்டி எலும்பு, கீழே பஞ்சு எலும்பு. நடுவில் 3.75 மில்லிமீற்றர் விட்டமும் 4 மில்லிமீற்றர் நீளமும் உள்ள திருகு (காதுக்குப் பின்னால் வைப்பது அவ்வளவு குட்டைதான்). புரியெல்லாம் முதல் தடவை வேண்டாம், வெறும் உருளை போதும், இல்லாவிட்டால் விடியும்வரை கணித்துக்கொண்டிருக்கும், இடையில் கரண்டும் போகும். யங்கின் மட்டு டைட்டேனியத்துக்கு 110, கெட்டி எலும்புக்கு 13.7, பஞ்சுக்கு 1.37 கிகாபாஸ்கல் என்று கொடுங்கள். புவசோன் விகிதம் (இழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) எல்லாவற்றுக்கும் 0.3. துண்டின் அடியையும் பக்கங்களையும் அசையாமல் பூட்டுங்கள்.

சரி, இப்போது சுமை. வெளியே 5 மில்லிமீற்றர் நீட்டி நிற்கும் தண்டின் நுனியில் 10 நியூட்டன் விசையை ஒரு தடவை கீழ்நோக்கியும் மறுதடவை பக்கவாட்டிலும் கொடுங்கள். இரவில் காதைக் கழற்றும்போது கை இழுப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குத்தான். கெட்டி எலும்பின் தடிப்பை 1, 2, 3 மில்லிமீற்றர் என்று மாற்றி மாற்றி ஓட்டினால், தகைப்பு திருகின் கழுத்தடியில், அதாவது எலும்பை விட்டு அது வெளியே வரும் இடத்தில், குவிவதும், தடிப்பு கூடக்கூட அது இறங்குவதும், பக்கவாட்டு விசையில் எப்போதும் உயர்ந்தே நிற்பதும் தெரியும். தண்டை நீட்டினால் இன்னும் ஏறும், நெம்புகோல்தானே.

இங்கே நான் ஏமாந்த இடம் ஒன்று இருக்கிறது. கழுத்தடியின் கூர்மூலையில் வலையை (கணிப்பதற்காக மாதிரியைப் பிரிக்கிற குட்டித் துண்டுகளை) பொடியாக்கப் பொடியாக்க எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், அது எலும்பின் குணம் இல்லை, கணிதத்தின் சேட்டை. மூலையை விட்டு அரை மில்லிமீற்றர் தள்ளி, எல்லா மாதிரியிலும் ஒரே புள்ளியில் எடுத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், நிஜ ஆளின் தடிப்பு வேண்டுமென்றால் சிடி ஸ்கேனில்தான் அளக்க வேண்டும். காதுக்குப் பின் எலும்புக்குள் காற்றறைகள் உண்டு, வெளியே தடிப்பாகத் தெரிகிற இடம் உள்ளே வெறும் ஓடாக இருக்கலாம்.